ஒரு மூச்சு தாமதம்

லூஷியஸ் பெட்வேயைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூட வேலை செய்கிறவர்கள் கூப்பிடுவார்கள். அலபாமா, மிசிசிப்பி இரண்டு மாநிலத்திலும் கல்லூரி கல்லூரியாகப் போய், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிற பையன்களை எடைபோட்டு, எவன் பெரிய அணிக்குத் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று சொல்கிற ஸ்கவுட் வேலை அவருக்கு. அதிலும் தடுத்து ஆடுகிறவர்களை மட்டும்தான் பார்ப்பார். மற்ற ஸ்கவுட்டுகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மைதானத்தைப் பார்ப்பார்கள். இவர் ஓரமாக ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டு, அரைக்கண் மூடி உட்கார்ந்திருப்பார். மடியில் வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும். அது சரிந்து கீழே கொட்டினாலும் தெரியாது.

"என்ன தூங்குமூஞ்சி, உங்க அணியில தூங்குறதுக்கு சம்பளமா?" என்று பக்கத்து அணிக்காரர் சீண்டுவார்.

"ஆமா. கனவு வந்தா அதுக்குத் தனிப் படி" என்பார் லூஷியஸ், கண்ணைத் திறக்காமல்.

தூங்குகிறார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். பந்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் அந்த அரைக்கண். மைதானத்தில் ஒரு பந்து இருந்துவிட்டால் போதும், அத்தனை பேர் கண்ணையும் அது இழுத்துக்கொண்டு ஓடும். கூரை வரை நிறைந்த கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் கழுத்தைத் திருப்பும். ஆனால் தடுக்கிறவனைப் பார்க்க வேண்டுமென்றால் பந்து இல்லாத இடத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். கண்ணைப் பாதி மூடினால் பந்து மறைந்துவிடும். முகம், சட்டை எண், நிறம் எல்லாம் கரைந்துவிடும். பெரிய பெரிய உடல்கள் அசைவது மட்டும் மிஞ்சும், ஆற்றுக்கடியில் பாசி அசைகிற மாதிரி. அந்த அசைவில் ஒருவன் பொய் சொல்ல முடியாது என்பது லூஷியஸின் நம்பிக்கை. நம்பிக்கை என்றால் சாதாரண நம்பிக்கை இல்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருக்குமே, அந்த மாதிரி.

அவர் பிறந்தது அலபாமா ஆறு வளைந்து திரும்புகிற ஒரு மூலையில். அப்பா மரக்கட்டை லாரி ஓட்டினார். லூஷியஸும் ஒரு சின்னக் கல்லூரியில் ஃபுட்பால் ஆடியவர்தான், நன்றாகவே ஆடினார். அவரைப் பார்க்க ஒரு ஸ்கவுட்கூட அந்த மண் ரோட்டில் வண்டியைத் திருப்பவில்லை. வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். பிறகு முட்டி போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் எப்படியோ இந்த வேலை வாய்த்தது. கிடைத்த நாளிலிருந்து மண் ரோடு எங்கே தெரிந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுவார். அதனாலேயே பாதி நாள் வழி தவறி, யாரோ ஒருவருடைய பருத்திக் காட்டில் போய் நிற்பார்.

மனைவி வெர்னிட்டா பல் டாக்டரிடம் வேலை செய்பவள். நாக்கு நீளம். "நான் ஆளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். இந்த மனுஷன் கண்ணை மூடிக்கிட்டுப் பார்க்கறான். ரெண்டு பேருக்கும் மாசம் பொறந்தா சம்பளம் வருது, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்" என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டில் இருக்கிற நாளெல்லாம் திரைக்கு முன்னால்தான். கல்லூரிகள் அனுப்புகிற ஆட்டப் படங்களைச் சத்தமில்லாமல் போட்டு, முன்னே ஓட்டுவார், பின்னே ஓட்டுவார், மறுபடி முன்னே. பின்னே ஓடும்போது குவியலாக விழுந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுவார்கள். நொறுங்கினவன் முழுசாவான். ஓடினவன் பின்பக்கமாகவே நடந்து தன் இடத்துக்குப் போய், யாருக்கும் எதுவுமே ஆகாதது போலக் குனிந்து நிற்பான். சில மத்தியானங்களில் லூஷியஸுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்று இருக்கும். வேலை என்பதே மறந்துபோகும். சன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்து அவர் செருப்பு வரை வரும், அவர் நகரமாட்டார்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் மிசிசிப்பி டெல்டாவில் ஒரு சின்னக் கருப்பர் கல்லூரிக்குப் போனார். விடியற்காலைப் பயிற்சி. மைதானத்தில் மார்பளவு பனிமூட்டம். பையன்களுக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. மார்புக்கு மேலே மட்டும் மிதந்து வந்தார்கள், போனார்கள். அந்தப் பனிக்குள் அவர் கண்ணில் முதலில் விழுந்தவன் ஜார்வெல் ஸ்டோக்ஸ்.

ஜார்வெல் லைன்பேக்கர். எதிராளிகளுக்கும் நம்மவர்களுக்கும் நடுவே முன்வரிசையில் பருமனான ஆட்கள் சுவராக நிற்பார்கள் இல்லையா, அவர்களுக்குப் பின்னால் நிற்கிறவன் இவன். பந்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் அந்தச் சுவரில் எந்தச் சந்து வழியாக நுழைவான் என்று ஊகித்து, பாய்ந்து போய் அந்தச் சந்தை அடைக்க வேண்டும். ஜார்வெல் பாய்ந்தான் என்றால் பாய்ச்சல்தான். யோசனை என்பதே கிடையாது. ஓடிவருகிறவனை அள்ளித் தரையில் சாத்திவிட்டு, எழுந்து பெரிதாகச் சிரிப்பான். சும்மா சொல்லக் கூடாது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். லூஷியஸ் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிமிர்ந்து உட்காருவது வருஷத்துக்கு ஒருமுறை.

அதே அணியில், எல்லாருக்கும் கடைசியாக, தூரத்தில் தனியாக நிற்கிற சேஃப்டி இடத்தில் ஒரு ஒல்லிப் பையன் இருந்தான். பெயர் க்வில்லன் மேப்ரி. ஜார்வெலுக்குச் சின்ன வயசிலிருந்து சிநேகிதன். எல்லாரும் கோட்டைவிட்டால் கடைசியில் பிடிக்க வேண்டியவன். கால் நல்ல கால், கை நல்ல கை. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் கிளம்புகிறான். ஒவ்வொரு தடவையும். பெரிய அணிகளில் ஒரு மூச்சு தாமதம் என்றால் எதிராளி கோட்டைத் தாண்டி ஊருக்கே போயிருப்பான். லூஷியஸ் உச்சுக்கொட்டினார். டிசம்பரில் லூஷியஸ் வேலை செய்கிற பெரிய அணியின் அலுவலகத்தில் கூடி எல்லாப் பையன்களின் பெயர் அட்டையையும் சுவரில் மாட்டியபோது, ஜார்வெலின் அட்டை லூஷியஸ் சொன்னபடி நல்ல உயரத்தில் ஏறியது. க்வில்லனின் அட்டை பக்கச் சுவரில், வேண்டாதவர்களோடு போய் ஒட்டிக்கொண்டது. "தயங்குகிறான்" என்பது லூஷியஸ் கொடுத்த தீர்ப்பு.

ஏப்ரலில் டிராஃப்ட். பெரிய அணிகள் முறைவைத்து ஒவ்வொரு பையனாகக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளும். கூப்பிட்டவனுக்கு வாழ்க்கை திறந்துவிடும். கூப்பிடாதவன் ஒன்றிரண்டு வருஷம் அங்கே இங்கே அலைந்துவிட்டு, கார் விற்கப் போவான். இது எல்லாருக்கும் தெரியும், எல்லா வீட்டிலும் அன்றைக்குப் பிரார்த்தனை நடக்கும்.

மார்ச்சில் ஒரு மத்தியானம் லூஷியஸ் ஜார்வெலின் ஆட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். வெளியே பேரிமரம் வெள்ளையாகப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. நிஜமாகவே தூங்கிவிட்டார். படம் முடிந்து, அடுத்த படம் தானாக ஓடத் தொடங்கியது. ஒரு சோதா அணியோடு ஆடின ஆட்டம் அது. அந்த மாதிரி ஆட்டத்தை எந்த ஸ்கவுட்டும் பார்ப்பதில்லை. சோதாக்களோடு எவன்தான் நன்றாக ஆடமாட்டான், அதைப் பார்த்து என்ன தெரியப்போகிறது என்பது தொழிலில் எழுதாத சட்டம்.

அரைத்தூக்கத்தில் லூஷியஸுக்கு ஒரு கனவு மாதிரி வந்தது. ஒல்லியாக ஒருவன், புல்லில் காற்று போகிற மாதிரி, சத்தமே இல்லாமல் போகிறான். மற்றவர்கள் அசைவதற்கு முன்னாலேயே அவன் அங்கே இருக்கிறான். பந்தோடு வருகிறவன் எங்கே வருவான் என்று பந்துக்கே தெரியாத நேரத்தில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு அழகு! லூஷியஸ் தூக்கத்திலேயே சிரித்தார். பிறகு கண்ணைத் திறந்தார். திறந்த கண்ணுக்கு முன்னாலும் அவன் போய்க்கொண்டுதான் இருந்தான்.

க்வில்லன் மேப்ரி.

நிற்கவில்லை. அரை மூச்சுகூட நிற்கவில்லை. லூஷியஸ் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பின்னே ஓட்டினார். முன்னே ஓட்டினார். அப்புறம்தான் திரை ஓரத்தில், கணுக்காலில் பனிக்கட்டிப் பை கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுகிற பெரிய உடம்பைப் பார்த்தார். அந்த ஆட்டத்தில் ஜார்வெல் ஆடவில்லை.

மற்ற ஆட்டங்களையெல்லாம் மறுபடி போட்டார். இந்தத் தடவை இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தார். ஜார்வெல் பாய்கிறான். தப்பான சந்தில். அந்தக் கணம் க்வில்லன் பின்னால் நின்று, நண்பன் எந்தப் பக்கம் போகிறான் என்று பார்த்துவிட்டு, மற்றச் சந்துக்குப் பறக்கிறான். ஓடிவருகிறவன் அங்கே க்வில்லன் நிற்பதைப் பார்த்து மிரண்டு திரும்புகிறான், திரும்பி நேராக ஜார்வெலின் கைக்குள் விழுகிறான். கூட்டம் ஜார்வெலுக்குக் கைதட்டுகிறது. ஜார்வெல் சரியான சந்தில் பாய்ந்தால் க்வில்லன் சும்மா நின்றுவிடுகிறான். எப்படிப் பார்த்தாலும் தாமதம் க்வில்லன் கணக்கில், வீரம் ஜார்வெல் கணக்கில். ஒரு பையனைப் பார்க்கும்போது அவனை மட்டும் பார் என்பதுதான் லூஷியஸ் பெருமையடித்துக்கொண்ட தொழில் ரகசியம். அந்த ரகசியம்தான் அவர் கண்ணைக் கட்டியிருந்தது. தனித்தனியாகப் பார்த்ததால் இரண்டு பேரையும் தப்பாகப் பார்த்திருந்தார்.

வெர்னிட்டா வேலையிலிருந்து வந்தபோது அவர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன லூ, முகத்துல ஈயாடல?"

சொன்னார். அவள் கைப்பையை வைக்காமலே கேட்டாள்.

"சரி, தப்பாச் சொல்லிட்டேன்னு போய்ச் சொல்லு. அவ்வளவுதானே."

"நான் வாயைத் திறந்தா ஜார்வெல் காலி, வெர்னி. எங்க அணி மட்டும்தான் அவன் மேல கண் வெச்சிருக்கு. அதுவும் நான் சொல்லித்தான்."

"திறக்கலேன்னா?"

"அந்த ஒல்லிப் பையன் காலி."

"அப்ப ஏதோ ஒரு அம்மா அழத்தான் போறா" என்றாள் வெர்னிட்டா. பிறகு மெதுவாக, "எதுக்கும் அந்தப் பையனைப் போய்ப் பாரு. தூங்காம பாரு" என்றாள்.

அடுத்த வாரம் டெல்டாவுக்கு வண்டியை எடுத்தார். வழி நெடுகத் தண்ணீர் நின்ற வயல்கள், வயலுக்குள் வானம். எது ரோடு எது நீர் என்று தெரியாமல் ஏதோ மேகத்தின் மேல் ஓட்டுவது போல இருந்தது. க்வில்லன் ஆட்ட அரங்கத்தின் காலிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"ஜார்வெல் உள்ள எடை தூக்கிக்கிட்டு இருக்கான் சார். கூப்பிடட்டா?"

"வேணாம். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். உட்காரு." லூஷியஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆட்டம் ஆரம்பிச்சதும் ஏன் ஒரு மூச்சு நிக்கிற?"

"நான் கொஞ்சம் மந்தம் சார்."

"யார்கிட்ட கதை விடுற? ஜார்வெல் கால் சுளுக்கி உட்கார்ந்திருந்தானே, அந்த ஆட்டத்தைப் பார்த்தேன்."

பையன் குச்சியைக் கீழே போட்டான். "அதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்களே சார்."

"நானும் பார்க்கல. தூங்கிட்டு இருந்தேன். அது பாட்டுக்கு ஓடிச்சு."

க்வில்லன் சிரித்துவிட்டான். சிரித்தபடியே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"அவனுக்குத் தெரியாது சார். தெரியவும் வேணாம். யோசிச்சா அவனால ஆட முடியாது, பாயணும் அவன். தப்பாப் போறோம்னு தெரிஞ்சுதுன்னா நின்னுடுவான். நின்னுட்டா அவன் அவ்வளவுதான். நான் ஏதாவது ஸ்கூல்ல கோச்சாப் போயிடுவேன், எனக்கு அது புடிக்கவும் புடிக்கும். அவனுக்கு இதை விட்டா ஒண்ணுமில்ல சார். எங்க வீட்லதான் வளர்ந்தான். எங்கம்மா சமையல்ல பாதி அவன் வயித்துக்குள்ளதான் போச்சு. சொல்லிடாதீங்க சார். ப்ளீஸ்."

"பெரிய அணியில அவனுக்குப் பின்னால நீ இருக்க மாட்டியேப்பா."

அவர்களுக்குக் கீழே காலி மைதானத்தில் யாரோ தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள், அது தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை லூஷியஸ். பையனின் தோளைத் தட்டிவிட்டு வண்டிக்கு நடந்தார். திரும்பி வரும்போது எந்த மண் ரோட்டிலும் திரும்பவில்லை.

டிராஃப்ட் மூன்று நாள் நடக்கும். பேர்போனவர்களெல்லாம் முதல் இரண்டு நாளில் போய்விடுவார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் மிச்சம் மீதியைப் பொறுக்குகிற நேரம். லூஷியஸின் அணிக்கு ஒரே ஒரு முறைதான் பாக்கியிருந்தது. நீளமான மேசையைச் சுற்றிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எல்லாரும் களைத்துப் போயிருந்தார்கள். காய்ந்த சாண்ட்விச், ஆறின காப்பி. தலைமை மேலாளர் கில்ஃபாய்ல் லூஷியஸைவிட வயதில் இளையவர், முன்கோபி, ஆனால் மோசமானவர் இல்லை. சுவரைப் பார்த்தார்.

"ஸ்டோக்ஸ் இன்னும் இருக்கான். லூஷியஸ், உங்க ஆளு. எடுத்துடலாமா?"

ஒரு 'ஆமாம்' போதும். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுச் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளலாம். ஜார்வெல் சந்தோஷப்படுவான், க்வில்லன் அதைவிடச் சந்தோஷப்படுவான், லூஷியஸ் தப்பே செய்யாதவராக இருந்துவிட்டுப் போவார். கோடைப் பயிற்சியில் தப்பான சந்தில் பாய்கிறபோது ஜார்வெலுக்குப் பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். இலை உதிர்வதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது இரண்டு பேருக்குமே இல்லை என்றாகிவிடும்.

அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பையனுக்காக எவனுக்காவது உயிரே போகிற மாதிரி இருந்தால், ஷூவைக் கழற்றிவிட்டு மேசை மேல் ஏறி நின்று சொல்ல வேண்டும். ஏறினவன் பேச்சை யாரும் குறுக்கே வெட்டக் கூடாது. சொன்னது தப்பாகிப் போனால் அவனைக் காலத்துக்கும் கேலி செய்யலாம். பல பேர் ஏறியிருக்கிறார்கள், சிலர் ஏறினதால் வேலையும் போயிருக்கிறது. தூங்குமூஞ்சி ஏறினதே கிடையாது.

லூஷியஸ் குனிந்து ஷூ முடிச்சை அவிழ்த்தார்.

"ஐயய்யோ, படுக்கப் போறார்யா!" என்றான் ஒருவன். அறையே சிரித்தது. அப்புறம் அவர் முட்டியை மேசை மேல் ஊன்றி ஏற முயல்வதைப் பார்த்து ஒவ்வொருவராக அடங்கினார்கள். முட்டி ஒத்துழைக்கவில்லை. கடைசியில் கேலி செய்தவனே இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டான். கூரை விளக்கு தலையில் இடித்தது.

"ஸ்டோக்ஸ் வேணாம்" என்றார்.

"வேணாம்னு சொல்லவா ஏறினீங்க? ஏத்தி வெச்சதே நீங்கதானே!" கில்ஃபாய்ல் வழக்கத்தை மறந்து கத்தினார்.

"நான்தான். தப்பு. நான் ஸ்டோக்ஸ்னு சொன்னது ரெண்டு பசங்களோட ஆட்டம். அதுல நல்ல பாதி அந்தப் பக்கச் சுவர்ல இருக்கு." கையை நீட்டினார். "மேப்ரி. அந்தப் படத்தைப் போடுங்க, சோதாப் பசங்களோட ஆடினது. அப்புறம் மத்ததைப் போடுங்க. பந்தைப் பார்க்காதீங்க, யாரும் பந்தைப் பார்க்காதீங்க."

போட்டார்கள். லூஷியஸ் மேசை மேலேயே நின்றிருந்தார். இறங்கத் தெரியவில்லை என்பதும் ஒரு காரணம். இருட்டாக்கின அறையில் க்வில்லன் காற்றுப் போலப் போனான், வந்தான். பின்னே ஓட்டினார்கள், எழுந்தார்கள். முன்னே ஓட்டினார்கள், நின்றான், பார்த்தான், பறந்தான். சாண்ட்விச் காகிதம் கசங்குகிற சத்தம்கூட நின்றுபோயிற்று.

"நம்மகிட்ட வந்தும் எவனுக்காவது நின்னுக்கிட்டு இருந்தான்னா?" என்று கில்ஃபாய்ல் கடைசியாகக் கேட்டார்.

"நின்னா நல்லதுதான். நம்ம லைன்பேக்கருங்க லட்சணம் உங்களுக்குத் தெரியாதா?"

லைன்பேக்கர் பயிற்சியாளரே சிரித்துவிட்டார். கில்ஃபாய்ல் எழுந்து போய், பக்கச் சுவரிலிருந்து அட்டையை அவர் கையாலேயே பிய்த்து எடுத்தார். ஜார்வெலின் அட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. அதை யாரும் தொடவில்லை, லூஷியஸ் மட்டும்தான் அதைப் பார்த்தார்.

பெயரை வெளியே அறிவிப்பதற்கு முன்னால், பையனைக் கண்டுபிடித்த ஸ்கவுட்டே முதலில் அவனுக்கு ஃபோன் செய்ய வேண்டும், பிறகு மேலாளரிடம் கொடுக்க வேண்டும். லூஷியஸ் சன்னல் பக்கம் போனார். க்வில்லனின் எண்ணைப் போட்டார். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். பின்னால் ஒரே இரைச்சல், மீன் பொரிகிற சத்தம், பாட்டு, குழந்தைகள்.

"சார்!" ஜார்வெலின் குரல். "பெட்வே சார்தானே? உங்க பேர் வந்துச்சு. சார், நான் ஜார்வெல். சொல்லுங்க சார்!"

லூஷியஸ் கண்ணை மூடிக்கொண்டார். "ஜார்வெல்... இது க்வில்லன் ஃபோன் இல்லையா?"

"ஆமா சார். அவன் பின்னால மீன் பொரிச்சுக்கிட்டு இருக்கான். இன்னிக்கு தன்னை எவன் கூப்பிடப் போறான்னு ஃபோனை என் மடியில போட்டுட்டு..." பேச்சு பாதியில் நின்றது. நின்று, மெல்ல, "ஓ" என்றான்.

"ஜார்வெல், கேளுப்பா..."

"அவனுக்கா சார்?"

"அவனுக்குத்தான்."

பாட்டுச் சத்தம் குறைந்தது. கதவு ஒன்று சாத்தப்பட்டது. ஜார்வெல் வேறு எங்கோ நகர்ந்துபோய் நின்றுகொண்டான் போலிருந்தது. அவன் மூச்சு கேட்டது.

"அப்ப நீங்க பார்த்துட்டீங்க" என்றான். "யாருமே பார்க்க மாட்டாங்கன்னு நெனச்சேன் சார்."

"உனக்குத் தெரியுமா?"

"பின்னால அவன் காலடி கேட்கும் சார். அது கேட்கலேன்னா நான் சரி. மறுபக்கம் போச்சுன்னா நான் தப்பு. அதைக் கேட்டுத்தான் தப்பாப் போறேன்னே எனக்குத் தெரியும். அவன்கிட்ட சொல்லியிருக்கணும். நீ எனக்காக நிக்காதே, உன் ஆட்டத்தை ஆடுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. சொன்னா நிறுத்திடுவானோன்னு பயம் சார்." மூக்கை உறிஞ்சினான். "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க. இருங்க, கூப்பிடறேன்."

பிறகு கதவு திறக்கிற சத்தம், அப்புறம் வீடே அதிர அந்தக் குரல்: "க்வில்! டேய் க்வில்! கரண்டியைப் போட்டுட்டு ஓடி வாடா! அம்மா, அவனைப் புடிச்சு இழுத்துட்டு வாங்கம்மா!" அதில் அழுகை துளிகூட இல்லை.

கில்ஃபாய்ல் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். லூஷியஸ் தலையை ஆட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை செய்தார். அந்தப் பக்கம் யாரோ மூச்சிரைக்க ஃபோனை வாங்கினார்கள்.

"சார், க்வில்லன். ஜார்வெலுக்குத்தானே சார்? அவனே எடுத்தானே, அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"உனக்குப்பா."

"சொல்லிட்டீங்களா சார்?"

"இங்க சொல்லிட்டேன். சொல்ல வேண்டியதாப் போச்சு."

"ஜார்வெலுக்கு... அவனுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

அந்தப் பக்கம் ஜார்வெல் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். க்வில்லன் பெயரைத் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றார் லூஷியஸ் பெட்வே. பிறகு ஃபோனைக் கில்ஃபாய்லிடம் கொடுத்துவிட்டு, தன் ஷூ எங்கே கிடக்கிறது என்று தேடப் போனார்.